அந்த ஒற்றைக் கோடு அலங்காரத்துக்கா?

வாடைக்காற்று (பாம்பன்):
லினக்ஸ் கணினியில் வேறொரு பயனராக மாற உதவும் எஸ்யூ (su) கட்டளையைப் பற்றி, "எஸ்யூ என்று அடித்தாலும் அதன் பின்னால் ஒரு கோடு போட்டு அடித்தாலும் ஒன்றுதான், கோடு வெறும் அலங்காரம்" என்று கச்சான் அண்ணன் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதை நம்பிய ஐஸ் கம்பெனிக் கணக்கர் ஒருவர், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 ஓடும் கணினியில் புதிய பணியாளருக்குக் கணக்குத் திறப்பதற்காகக் கோடில்லாமல் எஸ்யூ அடித்து, முழு அதிகாரமுள்ள பயனரான ரூட்டாக மாறியிருக்கிறார். கணக்குத் திறக்கும் ஆட்யூசர் என்ற கட்டளையே இல்லை என்று கணினி சொன்னதும், எல்லாம் கெட்டுவிட்டதென்று முழுவதையும் அழித்து மறுபடி நிறுவப் புறப்பட்டுவிட்டார். நான் போய்த் தடுத்தேன். கட்டளை, நிர்வாகக் கட்டளைகள் வைக்கப்படும் எஸ்பின் அடைவில் (ஃபோல்டரில்) பத்திரமாகத்தான் இருந்தது. கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல்தான் பாத் மாறி; சாதாரணப் பயனரின் பாத்தில் அந்த அடைவு கிடையாது. வேறு வள்ளத்தில் ஏறியவன் பழைய வள்ளத்து வலையையே தூக்கிக்கொண்டு போவதைப் போல, கோடில்லாத எஸ்யூ அந்தப் பழைய பாத்தையே சுமந்து போயிருந்தது. கோட்டைப் போட்டேன், வேலை முடிந்தது.

கச்சான் (தங்கச்சிமடம்):
பதினைந்து ஆண்டுகளாக நான் கோடு போட்டதே இல்லை. ஆட்யூசர் ஒரு நாளும் காணாமல் போனதுமில்லை. கணக்கர் பதறியதற்கு நான் பொறுப்பா?

வாடைக்காற்று:
அண்ணன் பார்த்ததெல்லாம் பழைய டெபியன். 2019இல் வெளியான டெபியன் 10இலிருந்து எஸ்யூ, ஷேடோ தொகுப்பை விட்டு யூட்டில்-லினக்ஸ் தொகுப்புக்கு மாறிவிட்டது. பழையது, கோடு இல்லாவிட்டாலும் ரூட்டுக்குரிய பாத்தை வைத்துக் கொடுத்தது, புதியது கொடுப்பதில்லை. ஆகவே கோடு அலங்காரம் அன்று.

கச்சான்:
மாற்றியவர்கள் செய்த பிழைக்கு என்னிடம் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்? நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லான பாஷுக்கு உரிய, ரூட்டின் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் பாத் வரி ஒன்றை எழுதி வைத்தால் கோடில்லாமலே ஆட்யூசர் ஓடும். மேலும், உங்கள் கோட்டைப் போட்டால் நின்ற அடைவை விட்டு ரூட்டின் வீட்டு அடைவுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. கணக்குக் கோப்புகள் இருக்கும் இடத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு அது தொல்லைதான். அலங்காரம் என்று நான் மரியாதையாகச் சொன்னேன்.

கொண்டல் (கீழக்கரை):
காக்காமார் இருவரும் பொறுத்தருள வேண்டும். அது கோடே அன்று, சிறுகோடு. எஸ்யூ என்பதன் விரிவு சூப்பர் யூசர் என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

வாடைக்காற்று:
மாற்றுப் பயனர் என்று பொருள்படும் சப்ஸ்டிட்யூட் யூசர் என்பதே சரி. எந்தப் பயனராகவும் அதைக் கொண்டு மாறலாம்.

கச்சான்:
1971ஆம் ஆண்டு யூனிக்ஸ் முதல் கையேட்டில், சிறப்புரிமையுள்ள பயனர் ஆவதற்கு என்றுதான் எஸ்யூவுக்கு விளக்கம் இருக்கிறது. வாடைத் தம்பி பிறக்குமுன் எழுதியது.

வாடைக்காற்று:
கையேட்டின் வயதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கோட்டைப் பற்றித்தான் பேச்சு. பாஷ்ஆர்சியில் பாத் எழுதிவிட்டால் போதும் என்றீர்களே, எஸ்யூவுக்குச் சி என்ற விருப்பத்தைக் கொடுத்து ஆட்யூசரை ஒற்றைக் கட்டளையாக ஓட்டிப் பாருங்கள். அந்த ஷெல் பாஷ்ஆர்சியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மறுபடியும் கட்டளை இல்லை என்றே பதில் வரும். கோடு போட்டால் கிடைப்பது உள்நுழைவு ஷெல், அதாவது அந்தப் பயனரே புதிதாக உள்நுழைந்ததைப் போலத் தொடங்கும் ஷெல். அது முதலில் ஈடிசி அடைவிலுள்ள புரொஃபைலையும், பிறகு வீட்டு அடைவில் பாஷ்_புரொஃபைல், பாஷ்_லாகின், புரொஃபைல் என்ற வரிசையில் முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் படிக்கும். ஷெல்லின் பெயரைக் காட்டும் எக்கோ டாலர் சுழியம் (echo $0) என்று அடித்தால், பாஷ் என்ற பெயருக்கு முன்னால் ஒரு கோடு நிற்பதைக் காணலாம். அதைக் கொண்டுதான் தான் உள்நுழைவு ஷெல் என்பதை பாஷே அறிகிறது. நீங்கள் அலங்காரம் என்ற அதே கோடு.

கொண்டல்:
முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் என்பதைச் சென்ற மாதமே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டு பாஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கினேன்; அன்றிலிருந்து தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால் பாஷ்ஆர்சியில் வைத்திருந்த சுருக்கக் கட்டளைகள் ஒன்றும் வேலை செய்யவில்லை.

வாடைக்காற்று:
பாஷ்ஆர்சியை அழைத்துக்கொண்டிருந்த பழைய புரொஃபைல் கோப்பு உங்கள் புதிய கோப்பால் மறைந்துபோனது. புதியதிலும் அந்த அழைப்பு வரியை எழுதச் சொன்னேன், நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

கொண்டல்:
சொல்லவில்லை.

வாடைக்காற்று:
சொன்னேன்.

கச்சான்:
வரியை மறந்தவர் இருக்கட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், 61 நாளும் சும்மா இருக்கிறோமே என்று என்னிடம் வாங்கிப்போன பென்டிரைவை மறந்தவர் யார்?

வாடைக்காற்று:
நாளையே பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் தந்துவிடுகிறேன். கோட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கச்சான்:
அதில் இருப்பது டெபியன் 9. நிறுவிப் பாருங்கள், கோடில்லாமல் ஆட்யூசர் ஓடும்.