அப்பத்தாவுக்கு ஒரு கிண்ணம் பாஸ்தா சூப்

குழு: தெப்பக்குளம் வீடு

வெள்ளிக்கிழமை

நான், இரவு 7:52
அப்பத்தாவுக்கு மேல் பல் எல்லாம் எடுத்து இன்றோடு மூன்று வாரம். பல் செட் வர இன்னும் பத்து நாளாகுமாம். புண் ஆறிவிட்டது, வலியும் இல்லை. ஆனால் சாப்பாடுதான் பெரிய கவலையாக இருக்கிறது. ரசம் சாதம், கேப்பைக் கூழ், இட்லி, மறுபடியும் ரசம் சாதம். இன்று எடை பார்த்தேன், 48 கிலோ. போன மாதம் 50 இருந்தார்கள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. வேறு என்ன கொடுக்கலாம், சொல்லுங்கள்.

உசிலம்பட்டி அத்தை, இரவு 7:58
ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு தாயி. அம்மாவுக்கு அது பிடிக்கும்.

நான், இரவு 8:01
இரண்டு தரம் வைத்தேன் அத்தை. தண்ணீரை மட்டும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, கறியை மெல்ல முடியவில்லை என்று தள்ளி வைத்துவிட்டார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது, வயிறு நிறைய வேண்டாமா?

டூரின் தங்கச்சி, இரவு 8:10
அக்கா, நான் இங்கே இத்தாலியில் வாரத்தில் இரண்டு நாள் வைப்பது ஒன்று இருக்கிறது. பாஸ்தா எ சேச்சி. சேச்சி என்றால் கொண்டைக்கடலை. கடலையை வேகவைத்து, பாதியை மசித்து, அதிலேயே சின்னப் பாஸ்தாவைப் போட்டு வேகவிடுவார்கள். சூப் என்று பெயர்தான், பார்த்தால் நம் வீட்டுக் கூட்டுப் பதத்தில் இருக்கும். மெல்லவே வேண்டாம், நாக்காலேயே நசுக்கிவிடலாம்.

செல்லூர் சித்தி, இரவு 8:13
பாஸ்தா மைதா இல்லையா? வயசானவர்களுக்கு அதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

டூரின் தங்கச்சி, இரவு 8:17
இங்கே கடையில் விற்கிற உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது சித்தி. 100 கிராமில் 12, 13 கிராம் புரதம் வரும். நம் ஊரிலும் கிடைக்கிறது, பாக்கெட்டுக்குப் பின்னால் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைதாவில் செய்தது சூப்பில் கரைந்து பசையாகிவிடும்.

ஆனால் சத்து முக்கியமாக வருவது கடலையில் இருந்துதான். புரதத்தில் இருக்கிற அமினோ அமிலங்களில் லைசின் என்பது கோதுமையில் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் கோதுமையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும். இட்லிக்கு அரிசியோடு உளுந்து போடுகிறோமே, அதே கணக்குதான்.

செல்லூர் சித்தி, இரவு 8:19
சரி, இப்போது புரிகிறது. அப்படியென்றால் பாஸ்தா கொஞ்சம், கடலை நிறைய.

டூரின் தங்கச்சி, இரவு 8:20
ஆமாம் சித்தி. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து, பாஸ்தா பாயசம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

நான், இரவு 8:24
வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு டம்ளர் ஊறப்போட்டுவிட்டேன். காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் காய் வாங்கிவருகிறேன்.

திருமங்கலம் பெரியப்பா, இரவு 8:40
அந்தச் சந்தைதான் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் திறந்தார்கள். ஆறு மணிக்கே போய்விடு தாயி, கீரையும் கேரட்டும் அப்போதுதான் வாடாமல் இருக்கும்.

சனிக்கிழமை

நான், காலை 9:35
கடலை வேகவில்லை. இரவு முழுக்க ஊறியது, குக்கரில் எட்டு விசில் விட்டேன், திறந்து பார்த்தால் தோல் வேறு பருப்பு வேறாகக் கடகட என்று நிற்கிறது. வெங்காயம், பூண்டு, கேரட், நான்கு நாட்டுத் தக்காளி எல்லாம் வதக்கி, கடலையோடு ஒன்றாகப் போட்டுத்தான் வைத்தேன்.

வில்லாபுரம் மதினி, காலை 9:38
எந்தத் தண்ணீரில் வைத்தாய்?

நான், காலை 9:39
போர் தண்ணீர்தான் மதினி. ஊறப்போட்டதும் அதில்தான்.

வில்லாபுரம் மதினி, காலை 9:43
அதுதான். போர் தண்ணீர் கடின நீர், அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பயறின் தோலை இறுக்கிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சுண்டல் என்றால் கேன் தண்ணீர் பிடித்துத்தான் ஊறப்போடுவேன். வேகவைப்பதும் அதிலேயே.

நான், காலை 9:52
அப்பத்தா அடுப்படிக்கு வந்து குக்கரை எட்டிப் பார்த்தார்கள். ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினார்கள், அது வழுக்கி மேடையில் உருண்டது. "தக்காளியை முதலிலேயே போட்டியா? புளி விட்ட பிறகு பருப்பு வேகுமா?" என்று கேட்டார்கள்.

டூரின் தங்கச்சி, காலை 10:05
அப்பத்தா சொல்வது முழுக்க உண்மை அக்கா. புளிப்பு பயறின் செல் சுவரைக் கரையவிடாது, புளியானாலும் தக்காளியானாலும் அப்படித்தான். கடலை நன்றாக வெந்த பிறகுதான் தக்காளி. நான் அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

(இங்கே விடியற்காலை. அப்பத்தா அடுப்படிக்கு நடந்து வந்தார்கள் என்றதும் தூக்கமே போய்விட்டது.)

உசிலம்பட்டி அத்தை, காலை 10:11
ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடுமே?

டூரின் தங்கச்சி, காலை 10:14
வேகும் அத்தை, ஆனால் கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போய்விடும். நல்ல தண்ணீர் இருந்தால் சோடாவே வேண்டாம். ஊறவைக்கும்போது அரை ஸ்பூன் உப்புப் போடுங்கள், தோல் மெத்தென்று வரும்.

நான், காலை 10:20
இன்னொரு டம்ளர் கேன் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறுகிறது. இரவுக்குள் வைத்துவிடுவேன்.

திருமங்கலம் பெரியப்பா, மாலை 5:05
எனக்கும் இது ஒத்துக்கொள்ளுமா தாயி? போன மாதம் கிரியேட்டினின் கூடுதல் என்றார்கள்.

நான், மாலை 5:12
நீங்கள் டாக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம் பெரியப்பா. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதம் எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும், கடலையில் பொட்டாசியமும் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது இந்தச் சூப்பைப் பெயர் சொல்லியே கேளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் உடம்பும் எங்களுக்கு வேண்டும்.

நான், இரவு 8:47
வந்துவிட்டது! எழுதிவைக்கிறேன், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் எல்லோரும் வைத்துப் பாருங்கள்.

நாலு பேருக்கு 200 கிராம் வெள்ளைக் கடலை. குக்கரில் ஆறு விசில், அப்புறம் சிறு தீயில் பத்து நிமிடம். அப்பத்தா மாதிரி விரலில் அமுக்கிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி நசுங்கியது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சூப்பின் உடம்பே அதுதான். பாதிக் கடலையைப் பருப்பு மத்தால் கடைந்துகொண்டேன். மிக்ஸியில் போட்டால் வழவழப்பாகிவிடுகிறது, மத்தில் கடைந்தால் கொஞ்சம் திப்பி நின்று நாக்குக்கு நன்றாக இருக்கிறது.

தனிச் சட்டியில் செக்குக் கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு எட்டுப் பல், கேரட் ஒன்று. நிறம் மாறாமல் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வதங்க வேண்டும், இதில் அவசரப்படக் கூடாது. இத்தாலியில் இதோடு செலரித் தண்டும் போடுவார்களாம், எனக்குக் கிடைக்கவில்லை, கொத்தமல்லித் தண்டு போட்டேன். பிறகு தக்காளி, அது சுண்டிய பிறகு ஊறிய மைசூர் பருப்பு 50 கிராம், கடைந்த கடலை, முழுக் கடலை, கடலை வெந்த தண்ணீர், மேலே ஒரு லிட்டர் வெந்நீர். பருப்பு கரைந்ததும் உப்பு, மிளகு, கடைசியாகப் பாஸ்தா 100 கிராம். அவ்வளவுதான், மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். கடலை வாசம் முன்னால் நிற்க வேண்டும்.

வில்லாபுரம் மதினி, இரவு 8:52
என்ன பாஸ்தா போட்டாய்? பிள்ளைகளுக்கு வாங்குகிற திருகு பாஸ்தா இருக்கிறது.

டூரின் தங்கச்சி, இரவு 8:55
அது பெரிது மதினி, கரண்டியில் கடலையோடு சேர்ந்து வராது. தித்தலீனி என்று ஒன்று உண்டு, தையல்காரர் விரலில் மாட்டுகிற அங்குஸ்தான் மாதிரி குட்டியாக இருக்கும், பெயரின் அர்த்தமும் அதுதான். அங்கே சின்ன வளைவு மக்ரோனி கிடைக்கும், அது போதும்.

நான், இரவு 8:57
மக்ரோனிதான் போட்டேன். பாக்கெட்டில் எட்டு நிமிடம் என்று இருந்தது, அப்பத்தாவுக்காகப் பன்னிரண்டு நிமிடம் விட்டேன். டூரினில் யாரும் பார்த்தால் வருத்தப்படுவார்கள், ஆனால் இங்கே ஈறுதான் முக்கியம்.

அப்புறம் அப்பத்தா கிண்ணத்துக்கு மட்டும் ஒரு முட்டையை அடித்துக் கொதிக்கிற சூப்பில் நூலாக ஊற்றிக் கலக்கினேன். கணக்குப் போட்டேன்: கடலையில் 40 கிராம் புரதம், பருப்பில் 12, பாஸ்தாவில் 12. நாலாகப் பிரித்தால் 16. முட்டையில் 6. ஒரு கிண்ணம் 22 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வதை வைத்தால், 48 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் வேண்டும். பாதிக்கு மேல் ஒரே கிண்ணத்தில் வந்துவிட்டது.

உசிலம்பட்டி அத்தை, இரவு 8:59
குடித்தார்களா? அதை முதலில் சொல்.

நான், இரவு 9:03
முழுக் கிண்ணமும். முதலில் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்து, மேல் ஈறோடு சேர்த்து அமுக்கிப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பாதியில் நிறுத்தி, சீரகம் தட்டிப் போட்டு நெய்யில் தாளித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள். தாளித்து ஊற்றினேன். கிண்ணத்தை ஒரு பக்கம் சாய்த்து அடியில் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்கள். மூன்று வாரத்தில் இன்றுதான்.

உசிலம்பட்டி அத்தை, இரவு 9:04
கண் கலங்கிவிட்டது தாயி. நாளை மதியம் நான் வருகிறேன். ஊரில் இருந்து உரித்த மொச்சை கொண்டு வரட்டுமா? கடலைக்குப் பதில் அதைப் போடலாமா?

டூரின் தங்கச்சி, இரவு 9:07
தாராளமாகப் போடலாம் அத்தை, பச்சை மொச்சை ஊறவே வேண்டாம். இங்கே பீன்ஸ் போட்டு வைக்கிறதற்கு பாஸ்தா எ ஃபஜோலி என்று தனிப் பெயரே உண்டு. தோல் மட்டும் பிதுக்கிவிடுங்கள், அப்பத்தாவுக்குத் தடையாக இருக்கும்.

வில்லாபுரம் மதினி, இரவு 9:15
மீதி இருந்தால் பாஸ்தாவைத் தனியாக எடுத்து வை. காலைக்குள் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக் களியாகிவிடும்.

நான், இரவு 9:18
மீதி ஒரு கரண்டிதான் மதினி. அதையும் காலையில் வெந்நீர் விட்டுச் சூடு பண்ணித் தரச் சொல்லி மூடி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தை, மொச்சை அரைப்படி போதும்.