மறு: குறியீட்டு மொழியா, குறியிடுமொழியா?

அனைவருக்கும் வணக்கம். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லுக்கு (ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்கப் லாங்குவேஜ்) 'மீயுரைக் குறியிடுமொழி' என்று பெயர் வைக்கலாம் என நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு இந்தப் பதில்.

> எச்டிஎம்எல்லுக்கு 'மீயுரைக் குறியீட்டு மொழி' என்று பலரும் எழுதிப் பழகிவிட்டார்கள். ஓரெழுத்து வேறுபாட்டுக்கு இத்தனை மடல் தேவையா?

எழுத்தோடு பொருளும் மாறிவிடுகிறதே ஐயா. குறியீடு என்றால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்பது. வேதியியலில் தனிமத்துக்கு நிற்கும் எழுத்து குறியீடு. கவிதையில் விடுதலைக்கு நிற்கும் பறவை குறியீடு. எச்டிஎம்எல்லில் எழுதிய உரை அப்படியே இருக்கிறது. அதன் இரு புறமும் 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று குறி போடுகிறோம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு நிரலாளர்கள் 'கோடு' (code) என்ற ஆங்கிலச் சொல்லையும் குறியீடு என்றே எழுதுகிறார்கள். குறியீட்டு மொழி என்று படிக்கும் மாணவர் அதை நிரல்மொழி என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மார்க்கப் என்பது அச்சுத் தொழிலில் இருந்து வந்த சொல். பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியில் 'இந்த வரி தடித்த எழுத்து', 'இது சாய்வு', 'இங்கே புதுப் பத்தி' என்று ஓரத்தில் குறித்து அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பார். அந்தக் குறிப்புகள் அச்சில் வராது, அவற்றின் விளைவுதான் வரும். உலாவி செய்வதும் இதே வேலைதான். கோண அடைப்புக்குள் 'எச்1' என்று நாம் எழுதுவது திரையில் தெரியாது, பெரிதான தலைப்புதான் தெரியும். ஆக, இங்கே மையம் குறியிடுதல் என்ற வினை. குறியிடுமொழி என்றால் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகிவிடும். நடுவில் ஒற்றும் மிகாது.

(மீயுரைக்குப் பின் 'க்' வருமா என்று கேட்டிருந்தீர்கள். 'மீயுரையைக் குறியிடும்' என்று பிரித்தால் மிகாது, 'மீயுரைக்கான குறியிடுமொழி' என்று பிரித்தால் மிகும். எனக்குப் பின்னது சரியாகப் படுகிறது. இதற்குத் தனி இழை தொடங்கிவிடாதீர்கள்.)

> அது மொழியே இல்லையே! கணக்குப் போடாது, நிபந்தனை பார்க்காது. 'குறிமுறை' என்று வைத்துவிட்டுப் போகலாம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சட்ட ஆவணங்களைக் கணினியில் கையாள ஒரு முறையை மூவர் உருவாக்கினார்கள்: கோல்டுஃபார்ப், மோஷர், லோரி. ஜி, எம், எல். மூவரின் முதலெழுத்தும் வரவேண்டும் என்றுதான் 'மார்க்கப் லாங்குவேஜ்' என்ற தொடரையே கட்டியதாகக் கோல்டுஃபார்ப் பின்னாளில் எழுதினார். அது வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற ஐஎஸ்ஓ தரமாயிற்று. எச்டிஎம்எல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் அந்த வழி வந்தவைதாம். நாம் மடல் மடலாக எடைபோடும் 'மொழி', ஒருவர் பெயரின் முதலெழுத்துக்காக வந்து சேர்ந்தது!

ஆனாலும் மொழியை விட எனக்கு மனமில்லை. சொற்களஞ்சியம் இருக்கிறது, இலக்கணமும் இருக்கிறது. பத்திக்குள் இன்னொரு பத்தி வரக்கூடாது. எழுதினால், உலாவி முதல் பத்தியைத் தானே முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும். குறிமுறை என்ற சொல்லோ எழுத்துக் குறிமுறை (என்கோடிங்) என்று வேறிடத்தில் வேலையாக இருக்கிறது.

'பக்க வடிவமைப்பு மொழி' என்ற பரிந்துரை பற்றி: வேண்டவே வேண்டாம். அந்த வழியில் போய்ப் பார்த்துத் திரும்பிய கதைதான் எச்டிஎம்எல்லின் தொண்ணூறுகள். எழுத்துரு, நிறம் எல்லாவற்றுக்கும் குறி சேர்த்தார்கள். 1997 ஜனவரியில் வந்த 3.2 பதிப்பு 'ஃபான்ட்' குறியை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, தோற்றத்தை அதற்கென்றே உள்ள சிஎஸ்எஸ் மொழி பார்த்துக்கொள்ளட்டும் என்று அதைக் கைவிடவேண்டிய பட்டியலில் போட்டது. 2014இல் பரிந்துரையாக வந்த ஐந்தாம் பதிப்பில் கட்டுரை, வழிசெலுத்தல், அடிப்பகுதி என்று, இது இன்னது எனச் சொல்லும் குறிகள் பல புதிதாகச் சேர்ந்தன.

மீயுரையை ஏற்கிறேன், அரை மனதோடு. 1965இல் கணினிச் சிந்தனையாளர் டெட் நெல்சன் 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்றபோது, தாளில் அடங்காமல் கிளைத்துப் போகும் எழுத்தை நினைத்தார். 'மீ' அதைத் தாங்கும். சிலர் எழுதும் 'மிகையுரை' ஆளைப் புகழ்வது போல ஒலிக்கிறது. என் தயக்கம் 'உரை' மேல்தான். மூலமும் உரையும் என்று படித்து வளர்ந்த நமக்கு மீயுரை என்றால் உரைக்கு எழுதிய உரை என்று தோன்றாதா? மீப்பனுவல் இன்னும் துல்லியம். ஆனால் மீயுரை ஏற்கெனவே புழங்குகிறது. புழங்கும் சொல்லைக் கலைக்க வேண்டுமென்றால் அது தவறாக இருக்க வேண்டும், கொஞ்சம் இடறுவது மட்டும் போதாது. 'குறியீட்டு' தவறு, அதனால்தான் அங்கே பிடிவாதம்.

குறியிடுமொழி என்று வைத்தால் கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. டேக் என்பது குறி, குறிக்குள் எழுதும் கூடுதல் விவரமான அட்ரிப்யூட் பண்பு, குறிகளும் அவற்றுக்கு நடுவே உள்ளதும் சேர்ந்த எலிமென்ட் உறுப்பு. ஆங்கர் குறியை ஒரு பாடக்குறிப்பில் 'நங்கூரம்' என்று பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நங்கூரம் கப்பலை நிறுத்துவது, இதுவோ ஆளை வேறு பக்கத்துக்கு அனுப்புவது. 'தொடுப்புக்குறி' என்றே எழுதுவோம். 1991இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முதல் எச்டிஎம்எல் பட்டியலின் 18 குறிகளில் பெரும்பாலானவை அங்கே ஆவணங்களுக்குப் புழங்கிய எஸ்ஜிஎம்எல் வகையைத் தழுவியவை. தொடுப்புக்குறிதான் அவர் புதிதாகச் சேர்த்தது. அதற்காவது ஒழுங்கான பெயர் வைக்க வேண்டாமா?

தொடக்கத்துக்குத் 'தொடங்குகுறி'. முடிவுக்கு முதலில் 'அடைக்கும் குறி' என்று எழுதிவிட்டு, அது அடைப்புக்குறியோடு மோதுவதைக் கண்டு 'முடிகுறி' என்று மாற்றினேன். மாட்டிக்கொண்டது வரிமுறிவு, படம் போன்றவற்றில்: இவற்றுக்கு உள்ளடக்கமும் இல்லை, முடிகுறியும் இல்லை. பத்திக்குறிகூட முதல் பட்டியலில் இப்படித்தான், இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒற்றையாக நின்றது. 'வெற்றுறுப்பு' என்றால் படத்தைப் போய் வெற்று என்பதா என்று தோன்றுகிறது. 'தனிக்குறி' என்றால் உறுப்பு என்ற பொருள் போய்விடுகிறது. சொற்பட்டியலில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.