விறகுக்குப் போகாத நாட்கள்

விறகடுப்பு பற்றிப் பேச்சு வந்ததால், விறகில்லாமல் வெயிலில் சமைக்கிற ஓர் அடுப்பைப் பற்றி நானும் எழுதிவிடுகிறேன். 2007-இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற இரிதிமி அகதி முகாமில் தண்ணீர் வேலைக்காகச் சில மாதம் இருந்தேன். பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பக்கத்து முள்மரமெல்லாம் வெட்டித் தீர்ந்துபோய், விறகுக்கு மணிக்கணக்காக நடக்க வேண்டும், போகிற வழியில் அடி உதையும் பாலியல் வன்முறையும் நடந்தன.

அங்கேதான் 'குக்கிட்' என்ற சூரிய அடுப்பைப் பார்த்தேன். அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி மடித்தது, அவ்வளவுதான். கறுப்புப் பூச்சடித்த பாத்திரத்தைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி, வெயிலைப் பார்த்து வைத்துவிட வேண்டும். முகாம் பெண்களே ஒரு கொட்டகையில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள்.

எனக்கு ஒரு நாள் சாப்பாடு போட்ட அம்மா, காய்ந்த வெண்டைக்காய்ப் பொடியும் வெங்காயமும் போட்ட குழம்பைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தார். நடுவில் இரண்டு தடவை எழுந்து அட்டையை வெயிலுக்குத் திருப்பினார், வேறு வேலையே இல்லை. மதியம் முடிச்சை அவிழ்த்தபோது பையின் உள்பக்கமெல்லாம் நீர்முத்து, நல்ல வாசனை, பாத்திரத்தின் அடியில் துளி கரி இல்லை.

ஆனால் அசீதாவுக்கு மூன்று கல் கூட்டி விறகுதான் வைத்தார். அது நம்ம களி மாதிரி, நெருப்பின் மேல் வைத்து விடாமல் கிண்ட வேண்டும். பைக்குள் கட்டிப்போட்டு எப்படிக் கிண்டுவது? இரவுச் சமையலுக்கும் விறகுதான். புகை இல்லை, சுத்தம் என்றுதான் வெளியே எல்லோரும் புகழ்கிறார்கள், அதுவும் சரிதான். அந்த அம்மாவுக்கோ கணக்கு வேறு: வாரம் நான்கு நாள் விறகுக்குப் போனவர் ஒரு நாள் போனால் போதும் என்று ஆகியிருந்தது. மீதி மூன்று நாள் பயமில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

மறுமொழி:
அண்ணா, 2009-இல் நாங்கள் வவுனியாப் பக்கம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். பச்சை விறகை ஊதி ஊதி என் கண் வீங்கிவிடும். பிள்ளையின் பால்மாவுக்குச் சுடுதண்ணி வைக்கவே அரை மணித்தியாலம். இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கார்த்திகை மழைக்கு இது என்ன செய்யும்?

மறுமொழி:
தங்கச்சி, மழைக்கு ஒன்றும் செய்யாது. அங்கேயும் ஜூலை, ஆகஸ்டில் மழை, அப்போது எல்லோரும் விறகுக்குத் திரும்பினார்கள். அட்டை நனைந்தால் போச்சு, மணல்காற்றில் தாளும் மங்கிவிடும், பை சில வாரத்தில் கிழியும். ஆனால் குடிதண்ணீரைச் சுத்தமாக்க வெயில் நாளில் இது நல்ல வழி. தண்ணீர் கொதிக்கவே வேண்டாம், 65 டிகிரியில் கொஞ்ச நேரம் நின்றாலே தண்ணீரில் வருகிற பெரும்பாலான நோய்க்கிருமி செத்துவிடும். அதைக் காட்ட ஒரு சின்னக் குழாய் உண்டு, உள்ளே மெழுகு இருக்கும். தண்ணீருக்குள் தொங்கவிட்டால், மெழுகு உருகிக் கீழே இறங்கியதும் எடுத்துவிடலாம். அந்த அம்மா வீட்டில் அதைப் பார்த்துச் சொல்கிற வேலை ஏழு வயதுப் பேத்தியுடையது.