போனில் லைட் வாலட் போதுமா, முழு நோடே ஓட்டணுமா?

கேள்வி (மொட்டைமாடி):
என் போன் 64 ஜிபி. பாதி இடம் மகளின் டான்ஸ் வீடியோக்களுக்கே போய்விட்டது. பிட்காயின் பரிவர்த்தனைகள் எல்லாம் பிளாக் பிளாக்காகப் பதிவான பிளாக்செயின் முழுதும் 600 ஜிபிக்கு மேல்; முழு நோடு என்றால் அதை மொத்தமாக இறக்கிச் சரிபார்க்கணும். ஆனால் என் லைட் வாலட் இறக்கியது நூறு எம்பிகூட இல்லை. பணம் வந்துவிட்டது என்று அது காட்டுகிறதே, சரிபார்த்துச் சொல்கிறதா, யாரோ சொன்னதை நம்புகிறதா?

பதில் (பரண்நோடு):
பாதிக்குப் பாதி. பிளாக் ஒன்றுக்கு 80 பைட் ஹெடர் (தலைப்புச் சுருக்கம்), வருடத்துக்குச் சுமார் 4.2 எம்பி. லைட் வாலட் வாங்குவது அதைத்தான். உங்கள் பரிவர்த்தனை அந்த பிளாக்கில் இருப்பதற்கு ஒரு மெர்க்கிள் சான்று கேட்கும்; அது ஹாஷ்களின் (தரவின் கைரேகை போன்ற குறுகிய எண்களின்) சிறு தொகுப்பு. நாலாயிரம் பரிவர்த்தனைகள் இருந்தாலும் 12 ஹாஷ், 384 பைட்தான். பிட்காயினை உருவாக்கிய சடோஷி 2008-இலேயே எழுதிவைத்த உத்தி இது.

ஆனால் பிளாக்கே விதிப்படி செல்லுமா என்று அது பார்ப்பதில்லை. பத்திரத்தில் முத்திரை இருக்கிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை, அவ்வளவுதான். 2015 ஜூலை 4 அன்று இது உண்மையிலேயே கடித்தது. புதிய விதி அமலான கையோடு ஒரு மைனர் (புதிய பிளாக்குகளை உருவாக்குபவர்) செல்லாத பிளாக் ஒன்றைப் போட, மற்ற சிலர் சோதிக்காமல் அதன்மேலேயே அடுக்கினார்கள். ஆறு பிளாக்! முழு நோடுகள் தள்ளிவிட்டன. லைட் வாலட்டுகளுக்கு வித்தியாசமே தெரியாது. வழக்கத்தைவிட 30 உறுதிப்பாடுகள் (உங்கள் பரிவர்த்தனைக்கு மேல் அடுக்கப்படும் பிளாக்குகள்) கூடுதலாகக் காத்திருங்கள் என்று அறிவிப்பு வந்தது.

பதில் (சுக்குக்காப்பி):
அந்தரங்கத்தை விட்டுவிட்டீர்களே. தனக்கு வேண்டிய பரிவர்த்தனைகளை மட்டும் வடிகட்டித் தரச்சொல்லி வாலட் ஒரு நோடுக்குப் புளூம் ஃபில்டர் அனுப்பினால் உங்கள் முகவரிகளை எதிரிலிருப்பவர் ஏறக்குறைய ஊகித்துவிடலாம். நோடுக்கும் தண்டச் சுமை: யாரோ ஒருவர் கேட்டதற்காகப் பழைய பிளாக்குகளை டிஸ்கிலிருந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2019-இல் முழு நோடு மென்பொருளான பிட்காயின் கோர் 0.19 அதை இயல்பாகவே அணைத்துவைத்தது.

பதில் (பரண்நோடு):
ஆமாம். பிஐபி 158 (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு எண் 158) ஃபில்டர் அதைத் தலைகீழாக்கியது: பிளாக்குக்கு ஒரே ஃபில்டர், எல்லோருக்கும் அதுவே, பொருத்தம் பார்ப்பது போன். டேட்டா கொஞ்சம் கூடப் போகும். என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர் (மொட்டைமாடி):
சரி, வீட்டில் 120 ஜிபி எஸ்எஸ்டியோடு ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. அதில் ஓடுமா?

பதில் (பரண்நோடு):
புரூன் (சரிபார்த்த பழைய பிளாக்குகளை அழித்துவிடும் அமைப்பு) போட்டால் தாராளமாக ஓடும். பிளாக்குகளுக்கு 550 எம்பி ஒதுக்கினாலே போதும், செலவாகாத காயின் பட்டியலுக்குப் பத்து ஜிபி சொச்சம். ஒருமுறை மட்டும் மொத்தத்தையும் இறக்கியே தீரணும். என் பழைய ஹார்ட்டிஸ்கில் பதினொரு நாள் ஆனது. மூன்றாம் நாள் வீட்டில் யாரோ பிளக்கைப் பிடுங்கி மிக்ஸி போட்டார்கள். பிளக்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.