டி.பார்ம் முடித்தவருக்கு மட்டும் எக்சிட் தேர்வு: நியாயமா?

கல்வம்:
இரண்டாண்டு டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) படிப்பையும், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சியையும் முடித்தவர், முன்பெல்லாம் சான்றிதழ்களை மாநில பார்மசி கவுன்சிலில் கொடுத்து மருந்தாளுநராகப் பதிவு பெற்றுவிடுவார். இந்திய பார்மசி கவுன்சிலின் 2022ஆம் ஆண்டு விதிகள் அந்த வாசலில் எக்சிட் தேர்வை, அதாவது படிப்பு முடிந்தபின் பதிவுக்காக எழுதும் தேர்வை, நிறுத்தியிருக்கின்றன. மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு, மூன்றையும் ஒரே முயற்சியில் தேற வேண்டும். டிப்ளமோ கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இதை முழுமனதுடன் ஆதரிக்கிறேன். பயிற்சிச் சான்றில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக, அந்த மணி நேரங்கள் உண்மையில் செலவிடப்பட்டன என்று என்னால் நம்ப முடிவதில்லை.

இரண்டாம் ஷிஃப்ட்:
ஐயா, நான் டி.பார்ம் படித்துப் பதினோரு ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்பவன். நான்காண்டு பி.பார்ம் பட்டம் முடித்தவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. பதிவு பெற்ற பின் அவரும் நானும் அதே கல்லாவுக்குப் பின்னால் நின்று அதே மருந்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். கையெழுத்துப் பொய்யென்றால் கையெழுத்திட்டவரைக் கேளுங்கள். மாணவரை ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்? 500 மணி நேரத்தில் குறைந்தது 250 மணி நேரம் மருத்துவரின் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும் என்று விதியே சொல்கிறதே, அதைச் சரிபார்க்க யாராவது கடைக்கு வந்ததுண்டா?

தேர்வு ஆங்கிலத்தில், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையில் நடக்கிறது. என் வேலையோ தமிழில் நடக்கிறது. மூச்சிரைப்புக்குக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலை ஒரு பெரியவர் பத்து நாள் தண்ணீரோடு விழுங்கியிருந்தார். மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவரை உட்கார வைத்து, கருவியைத் திறந்து காட்டி, அவர் கையாலேயே செய்ய வைத்து அனுப்பினேன். இதை எந்தத் தாளில் எந்த வினாவாகக் கேட்பீர்கள்?

கல்வம்:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கத்துக்கும் உதவும். அந்தக் கேப்ஸ்யூல் மருந்தை உறிஞ்ச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததால்தானே சொல்லித்தர முடிந்தது? மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டைப் படித்தவருக்கு அது தெரியாவிட்டால், உறையில் காலை, இரவு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அன்பாகப் பேசுவது அறியாமைக்கு ஈடாகாது. தோற்றவர் மறுபடியும் எழுதலாம், முயற்சிகளுக்கு வரம்பு கிடையாது. பி.பார்முக்கும் இதே தேர்வு வைக்க வேண்டும் என்றால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன்.

வைகைக்கரை:
இருவரும் மருந்தாளுநர் கடையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42ஆம் பிரிவில் சொல்கிறது. நான் வாடிக்கையாக மருந்து வாங்கும் ஒரு கடையில் மருந்தாளுநரின் சான்றிதழ் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் புகைப்படத்தில் இருப்பவரை ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும் நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம் இந்தத் துறையில் யாருக்குத்தான் தெரியாது? தேர்வைக் கடினமாக்கினால் சான்றிதழ் அரிதாகும், வாடகை ஏறும். கல்லாவில் நிற்கும் பையன் மாறமாட்டான். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகத் திட்டத்தில் கடை திறப்பதற்குக்கூட, பி.பார்ம் அல்லது டி.பார்ம் சான்று பெற்றவர்களோடு, அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். படித்தவர் கடையில் இருந்தாக வேண்டும் என்பதை அந்த ஒப்புதல் மாற்றாது. ஆனால் அந்தச் சொல்லை நம் ஊர் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

கல்வம்:
வாடகை விவகாரத்தை மறுக்க மாட்டேன். என் பழைய மாணவர்களிலேயே அப்படி விட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், கடையில் நின்றால் கிடைக்கும் சம்பளம் வீட்டு வாடகைக்கே போதவில்லை என்கிறார்கள். ஆனால் அது கடைகளைச் சோதிப்பவர்கள் பார்க்க வேண்டியது. ஒரு ஓட்டையை அடைக்காததால் மற்றொன்றையும் அடைக்க வேண்டாம் என்பது என்ன வாதம்?

இரண்டாம் ஷிஃப்ட்:
சரி, தேர்வு இருக்கட்டும். மூன்று தாள்களோடு, ஒரு சீட்டையும் ஒரு நோயாளியையும் முன்னால் வைத்துப் பத்து நிமிடம் அவரவர் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்த்தால் நானே என் தம்பியை எழுத அனுப்புகிறேன். சேர்க்காதவரை, இது பயிற்சி மையங்களுக்குத் திறந்துவிட்ட புதுக் கடை என்றே சொல்வேன்.

கல்வம்:
பத்து நிமிடத் தேர்வுக்கு நானும் உடன்படுகிறேன். அதற்கு மதிப்பெண் போடுபவர் கல்லூரி ஆசிரியராக இருக்கக் கூடாது. உங்களைப் போல் கடையில் நிற்பவராக இருக்க வேண்டும்.