உச்சி முகர்வதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

வணக்கம். மேலூரிலிருக்கும் என் அம்மா, லண்டனில் பிறந்த பேத்திக்குச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். கட்டிப்பிடிப்பதற்கு ‘ஹக்’ போதும். ‘எம்பிரேஸ்’ கைகளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பாட்டி வாய்க்கு விறைப்பாக இருக்கிறது. நெடுநேரம் அணைத்துவைத்திருப்பது ‘கடில்’, குழந்தையே வந்து ஒட்டிக்கொள்வது ‘ஸ்னகிள்’. சரிதானே?

“உன்னை உச்சி முகர்ந்து, கன்னம் வழித்து நெட்டி முறிக்க வேண்டும்போல இருக்கிறது” என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். சொல்லும்போதே அம்மா விரல்களை மடக்கி நெற்றிப்பொட்டில் அழுத்தினார். நெட்டி சடசடவென்று முறிந்தது. முகர்வது வெறும் முத்தமில்லை. ‘ஸ்மெல்’ என்று எழுத மனம் வரவில்லை. கண்ணேறு கழிப்பதை விளக்கப் போனால் கடிதம் பாடமாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் நன்றாகப் புழங்குகிறவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் எழுதித் தாருங்கள்.