வேலை போச்சு, கேமிங் சேனல் இருக்கு: சொக்சோவுக்கு எதைச் சொல்லணும்?

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆட்குறைப்பில் என் வேலை போச்சு, இன்றோடு 19 நாள். சொக்சோ (மலேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை இழந்தவங்களுக்கு உதவித்தொகை தரும் வேலை காப்புறுதிக்கு 60 நாளுக்குள் மனு போடணும். பணிநீக்கக் கடிதம் கையில் இருக்கு. நல்லவேளை, ராஜினாமா தாளில் கையெழுத்து வைக்கலை; வைத்திருந்தால் மனு அங்கேயே படுத்திருக்கும்.

சிக்கல் என் யூடியூப் கேமிங் சேனலில்தான். சப்ஸ்கிரைபர் 1,140. ஆனால் 12 மாதத்தில் பார்த்த நேரம் 3,700 மணி. விளம்பரப் பங்குக்கு 4,000 வேணும். ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடுவது இந்தக் கணக்கில் சேராது, பலர் ஏமாறுவது இதில்தான். இன்னும் ஒரு காசு வரலை.

உதவித்தொகை வாங்கும்போது விளம்பரப் பணம் தொடங்கினால் என்ன ஆகும்? 100 டாலர் சேர்ந்த பிறகுதான் ஆட்சென்ஸ் (விளம்பரப் பணம் தரும் கூகுள் சேவை) அனுப்பும். அப்போ வருமானம் எந்த மாதக் கணக்கு: சம்பாதித்த மாதமா, பேங்கில் விழுந்த மாதமா? இப்படி மனு போட்ட அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.